பசுவைச் சுற்றி ஒரு கோடு

1

ஆங்கிலப் பரீட்சைத் தாளில் இரண்டு விதமாகப் பொருள்படும் வாக்கியம் ஒன்று வந்துவிடுகிறது. கீழே நான்கு விடைகள். ஒன்றுதான் சரி. மாணவன் எதைத் தேர்வது? இது பள்ளிக்கூட விவகாரம், இலக்கியப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு எத்தனை அர்த்தம் இருக்கலாம், அதை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு என்கிற கேள்விகளைத்தான் நவீன விமர்சனமும் தன் ஆரம்ப நாட்களில் கேட்டுக்கொண்டது. பரீட்சைக்காரர்களும் விமர்சகர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே மொழியை வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் அதிகம் கவனிக்காமலே இதற்கு எதிரெதிரான பதில்களைச் சொன்னார்கள். 1915-ல் அமெரிக்காவின் கன்ஸாஸில் ஒரு பதில். 1930-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இன்னொரு பதில். இரண்டின் சரித்திரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகும். நமக்குச் சௌகரியமான சில நம்பிக்கைகள் கலையவும் கூடும்.

கன்ஸாஸ் பதிலை அவசரப்பட்டு இகழ்ந்துவிட முடியாது. அதன் பின்னால் நியாயமான ஒரு கோபம் இருந்தது. 1912-ல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாளைப் பிரதியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்திக் கொடுத்தார்கள். ஒரே தாளுக்கு நூற்றுக்கு 50லிருந்து 97 வரை மதிப்பெண்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலம் அபிப்ராயங்களுக்கு இடம் கொடுக்கும் பாடம், அதனால்தான் இப்படி என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அடுத்த வருஷம் ஜியாமெட்ரித் தாளை அனுப்பிப் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் மோசமாக இருந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் பையன்களும் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒருவன் தேறுவதும் தேறாததும் அவன் தாள் எந்த மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. கையெழுத்து, குடும்பப் பெயர், ஆசிரியரின் அன்றைய மனநிலை எல்லாம் மதிப்பெண்ணில் புகுந்துகொள்ள முடியும். அர்த்தத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஆசிரியரிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிரடெரிக் கெல்லிக்குத் தோன்றியது. ஆசிரியர்கள் போடும் மதிப்பெண்களின் ஏற்றத்தாழ்வு பற்றியே 1914-ல் ஆராய்ச்சி நூல் எழுதியவர் அவர். கன்ஸாஸ் மாநிலம் எம்போரியாவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, 1915-ல், 'கன்ஸாஸ் மௌன வாசிப்புப் பரீட்சை' என்ற ஒன்றைத் தயாரித்தார். இன்று உலகெங்கும் நடக்கிற அப்ஜெக்டிவ் டைப் பரீட்சைகளின் மூதாதை என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். நேரம் ஐந்து நிமிஷம். கேள்விக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கலாம். விடை முழுக்கச் சரி அல்லது முழுக்கத் தவறு. இவை கெல்லி விதித்த நிபந்தனைகள்.

அந்தத் தாளில் ஒரு மாதிரிக் கேள்வி இருக்கிறது. பசு, புலி, எலி, ஓநாய் என்று நான்கு பெயர்கள். பண்ணைக்கு உபயோகமான ஒவ்வொரு மிருகத்தின் பெயரையும் சுற்றிக் கோடு போடச் சொல்கிறது. பசுவைச் சுற்றித்தான் போட வேண்டும், வேறெதுவும் சரியல்ல என்று கூடவே விளக்கம். சுற்றிப் போடாமல் பசுவுக்கு அடியில் கோடு போட்டாலும் தவறு, மதிப்பெண் கிடையாது.

ஒரே பொருள் என்ற விதியை நாட்ட வந்த மாதிரிக் கேள்வியிலேயே பொருள் மயக்கம் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 'ஒவ்வொரு மிருகத்தையும்' என்ற சொல்லில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு என்ற சாயல் இருக்கிறது. சொற்களை மதித்துப் படிக்கும் குழந்தை இரண்டாவது மிருகத்தைத் தேட ஆரம்பிக்கும். எலியைத் தின்னுவது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். ஓநாய்க்கும் நாய்க்கும் உள்ள உறவைப் பற்றி யோசித்தாலும் யோசிக்கும். அதற்குள் ஐந்து நிமிஷத்தில் ஒரு பங்கு போய்விடும். வேகமாகப் படித்த குழந்தைக்கு இந்தச் சங்கடம் இல்லை. அடிக்கோடு போட்ட குழந்தைக்கோ பசுவைத் தெரிந்திருக்கிறது, பண்ணையைத் தெரிந்திருக்கிறது, ஆங்கிலமும் தெரிந்திருக்கிறது. அதற்குக் கிடைப்பது பூஜ்யம். வாசிப்பு என்ற பெயரில் இங்கே அளக்கப்படுவதில் கீழ்ப்படிதலும் ஒரு பாகம்.

ஆசிரியரின் யதேச்சையை ஒழிக்கச் செய்த ஏற்பாட்டில் இன்னொன்றும் சேர்ந்து ஒழிந்தது. மாணவன் 'ஏனென்றால்' என்று சொல்லிக்கொள்ள இருந்த இடம் அது. பழைய பரீட்சையில் அந்த இடம் இருந்தது, கேட்கிறவர் காதுதான் சரியில்லை. புதிய பரீட்சை காதைச் சரிசெய்வதற்குப் பதிலாகப் பேச்சை நிறுத்தியது. இக்கட்டுரை சொல்ல விரும்புவது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றவை இதன் விளைவுகள்.

2

1917-ல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியது. ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் மனோதத்துவ நிபுணர்கள் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா, மற்றவர்களுக்குப் படங்களைக் கொண்ட பீட்டா. சோதிக்கப்பட்டது புத்திசாலித்தனம் என்று சொல்லப்பட்டது. ஆல்ஃபாவில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிரிஸ்கோ அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பின் வியாபாரப் பெயர். பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் எழுத்தாளரா, ஓவியரா, ஆட்டக்காரரா, ஹாஸ்ய நடிகரா என்று இன்னொரு கேள்வி. சமீபத்தில் இத்தாலியிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்து இறங்கியவன் இந்த வாக்கியங்களை இலக்கணப்படி முழுக்கப் புரிந்துகொண்டிருக்கலாம். நான்கு விடைகளும் அவனுக்குச் சமமாகவே தோன்றும். மயக்கம் வாக்கியத்தில் இல்லை, அவனுக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் இருந்த தூரத்தில் இருந்தது.

இந்தத் தூரத்தை மூளையின் தரம் என்று படித்தவர் பிரின்ஸ்டனின் கார்ல் பிரிகம். ராணுவச் சோதனை எண்களை வைத்து 1923-ல் அவர் எழுதிய புத்தகம் வட ஐரோப்பிய இனத்தின் மேன்மையை நிலைநாட்டியதாக நினைத்துக்கொண்டது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வருகையைக் கட்டுப்படுத்தி 1924-ல் அமெரிக்கா சட்டம் இயற்றியபோது சூழலில் இருந்த குரல்களில் இதுவும் ஒன்று. 1926-ல் கல்லூரிப் பிரவேசத்துக்கான எஸ்.ஏ.டி. பரீட்சை முதல் தடவையாக நடந்தது. அதை உருவாக்கியவரும் பிரிகம்தான்.

ஆனால் 1930-ல் அதே பிரிகம் ஒரு கட்டுரை எழுதினார். குடியேறியவர்களைப் பற்றிய இத்தகைய ஒப்பீடுகளுக்கு ஆதாரமில்லை, என் ஆராய்ச்சியும் ஆதாரமற்றதே என்று அறிவித்தார். ஒரு மொழியில் எழுதப்பட்ட சோதனையை அந்த மொழியைக் கற்கச் சமமான வாய்ப்புப் பெற்றவர்களிடம்தான் நடத்தலாம் என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு. தன் நூலைத் தானே தள்ளும் நேர்மை எல்லோருக்கும் வருவதில்லை. என்றாலும் மனிதர் மனம் மாறியதால் ஸ்தாபனம் மாறிவிடவில்லை. பரீட்சை வளர்ந்துகொண்டே போயிற்று. 1938-ல் ஐ.பி.எம். 805 என்ற எந்திரம் வந்தது. பென்ஸில் குறியில் உள்ள கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற எளிய உண்மையை வைத்து அது விடைத்தாளைத் திருத்தியது. இனி மனிதக் கண்ணே தேவையில்லை. 1947-ல் ஈ.டி.எஸ். ஸ்தாபனம். 1964-ல் ஆங்கிலம் தாய்மொழியல்லாத அந்நிய மாணவர்களுக்கென்று டோஃபல். கடல்கடந்து படிக்கப் போக விரும்பிய நம்மூர்ப் பட்டதாரிகளும் அன்றிலிருந்து கெல்லியின் பசுவைச் சுற்றிக் கோடு போட்டுவருகிறார்கள்.

3

பிரிகம் தன் வார்த்தையைத் திரும்பப் பெற்ற அதே 1930-ல் கேம்பிரிட்ஜின் வில்லியம் எம்ப்ஸன் பொருள் மயக்கத்தின் ஏழு வகைகளைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். வயது 24. கணிதம் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்துக்கு வந்தவர். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் மாணவர். வாக்கியம் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்வினைகளுக்கு இடம் தருவது கவிதையின் குறை அல்ல, அதன் வேரே அங்கேதான் இருக்கிறது என்பது அவர் வாதம். கெல்லி கேள்வியிலிருந்து விரட்டியதை எம்ப்ஸன் வாசலில் நின்று வரவேற்றார் என்று சொல்லலாம்.

நம்மில் பலர் இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்வார்கள். பரீட்சை கெட்டது, கவிதை நல்லது. ஒற்றை அர்த்தம் சர்வாதிகாரம், பன்முக அர்த்தம் விடுதலை. ஆனால் எம்ப்ஸனுக்கு ஒரு வருஷம் முன்னால், 1929-ல், அவர் ஆசிரியர் ரிச்சர்ட்ஸ் வெளியிட்ட 'பிராக்டிகல் க்ரிடிஸிஸம்' இந்தச் சௌகரியத்தைத் தருவதில்லை. ரிச்சர்ட்ஸ் செய்ததும் ஒரு விதத்தில் பரீட்சைதான். 13 கவிதைகளை, எழுதியவர் பெயர் இல்லாமல், மாணவர்களிடம் கொடுத்தார். நிதானமாகப் படித்து, என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள் என்றார். ஐந்து நிமிஷம் அல்ல, ஒரு வாரம். நான்கு விடைகள் இல்லை. 'ஏனென்றால்' என்பதற்கு வேண்டிய அளவு இடம் இருந்தது.

வந்துசேர்ந்த தாள்கள் அதிர்ச்சியளிப்பவை. நல்ல கல்வி பெற்ற, அநேகமாக ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட வாசகர்கள் கவிதையின் நேரடிப் பொருளைக்கூடப் பிடிக்கவில்லை. ரிச்சர்ட்ஸ் வரிசைப்படுத்திய பத்து இடர்ப்பாடுகளில் முதலில் நிற்பது இதுதான். சொந்த ஞாபகங்கள் குறுக்கே வந்தன. தயார்நிலையில் இருந்த உணர்ச்சிகள் கவிதை தொடும் முன்பே பொங்கின. கொள்கைகள் கவிதையை மறைத்தன. சுதந்திரமாக விட்டதும் வாசகன் அர்த்தத்தின் செழுமையைக் கண்டுவிடவில்லை. பல சமயம் தன்னையே கண்டுகொண்டு திரும்பினான்.

பன்முக அர்த்தம் என்பதும் தவறான அர்த்தம் என்பதும் வேறு வேறு. எம்ப்ஸனின் வகைகளில் 'யாருக்கு எது தோன்றினாலும் சரி' என்று ஒரு வகை கிடையாது. அவர் ஒரு வரிக்கு நான்கு அர்த்தம் சொன்னால் நான்கையும் அந்த வரியின் இலக்கணத்திலிருந்து, சொல்லின் பழைய வழக்கிலிருந்து, பக்கத்து வரிகளிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். அவர் பக்கங்கள் நீளமாக இருப்பதற்குக் காரணம் அர்த்தங்களின் எண்ணிக்கை அல்ல, ஒவ்வொன்றுக்கும் அவர் கொடுக்கும் 'ஏனென்றால்'தான்.

கேம்பிரிட்ஜும் மயக்கத்தின் கட்சியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடவில்லை. ரிச்சர்ட்ஸின் நண்பர் சி. கே. ஆக்டன் 1930-ல் 850 சொற்களுக்குள் அடங்கும் 'பேஸிக் இங்கிலீஷ்' என்பதை உலகத்துக்கு அளித்தார். ரிச்சர்ட்ஸ் தன் பிற்கால வாழ்க்கையின் பெரும்பகுதியை அதைப் பரப்புவதிலும், படங்கள் மூலம் ஆங்கிலம் கற்பிப்பதிலும் செலவழித்தார். எம்ப்ஸனும் ஜப்பானிலும் சீனாவிலும் ஆங்கிலம் கற்பித்தவர், பேஸிக்கை ஆதரித்தவர். கவிதையில் மயக்கத்தைப் போற்றியவர்களுக்கே, அந்நிய மாணவன் எதிரில் உட்காரும்போது தெளிவு ஓர் அறக்கடமையாகத் தெரிந்திருக்கிறது. இந்த முரண்பாட்டைச் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது.

4

ஆகவே பரீட்சையில் வரும் மயக்கமும் கவிதையில் வரும் மயக்கமும் ஒன்றா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலக்கணத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஆங்கில ஆசிரியர்கள் காலகாலமாகச் சொல்லும் உதாரணம் ஒன்று: 'விஸிட்டிங் ரிலேடிவ்ஸ் கேன் பி எ ந்யூஸன்ஸ்.' வந்து போகிற உறவினர்கள் தொல்லை என்றும் படிக்கலாம். உறவினர்களைப் போய்ப் பார்ப்பது தொல்லை என்றும் படிக்கலாம். மயக்கத்தின் பொறி 'கேன்' என்ற சொல்லில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டால் போய்ப் பார்ப்பதுதான் தொல்லை. 'ஆர்' போட்டால் உறவினர்கள்தான் தொல்லை. ஒருமை பன்மை காட்டாத 'கேன்' இரண்டு கதவுகளையும் திறந்து வைத்துவிடுகிறது. தமிழில் இதைச் சொல்ல இரண்டு வேறு வாக்கியங்கள் வேண்டும். இந்த இடத்தில் தமிழுக்கு மயக்கம் இல்லை.

வேறு இடத்தில் இருக்கிறது. 1957-ல் நோம் சாம்ஸ்கி தன் முதல் நூலில் வேட்டைக்காரர்களின் சுடுதல் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொற்றொடரை எடுத்துக்கொண்டார். வேட்டைக்காரர்கள் சுட்டார்களா, வேட்டைக்காரர்கள் சுடப்பட்டார்களா? மேலே தெரியும் வடிவம் ஒன்று, கீழே இரண்டு வாக்கியங்கள் கிடக்கின்றன என்று காட்டித் தன் மாற்றிலக்கணத்துக்கு அதைச் சான்றாக்கினார். தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இது பழைய சிநேகிதம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் இதைத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'புலிகொல் யானை'. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? வேற்றுமை உருபு தொக்கு நிற்பதால் கொன்றவனும் செத்தவனும் ஒரே சொற்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

சாம்ஸ்கியின் அக்கறை இரண்டு அர்த்தமும் எப்படி உண்டாகின்றன என்பது. தொல்காப்பியம் இன்னோர் அடி எடுத்து வைக்கிறது. அடுத்த சூத்திரம், இதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டு, உணர்வோரிடம் விட்டுவிடுகிறது. உரைகாரர்கள் பின்னால் வரும் சொல்லைப் பார்க்கச் சொல்கிறார்கள். புலிகொல் யானை ஓடுகிறது என்றால் யானை உயிரோடிருக்கிறது. புலிகொல் யானையின் கொம்பு விலைக்கு வந்தது என்றால் யானை செத்துவிட்டது. சொற்றொடரில் இல்லாத தெளிவு சூழலில் இருக்கிறது. உணர்வோன் என்பவன் சூழலைக் காண்பவன். அவனிடம் கேட்டால் காரணம் சொல்வான்: ஓடுகிறதே, அதனால் என்பான்.

பரீட்சைத் தாள் செய்வது என்ன? 'புலிகொல் யானை' என்பதோடு வாக்கியத்தை வெட்டிவிடுகிறது. யார் சொன்னது, யாரிடம், எதற்குப் பிறகு என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகின்றன. பேச்சில் பொருள் மயக்கம் அபூர்வமாகவே தொல்லை கொடுக்கும். எதிரில் ஆள் இருக்கிறான்; கேட்டுவிடலாம். பரீட்சை வாக்கியத்துக்குச் சொன்னவன் கிடையாது. இருப்பவன் கேள்வி தயாரித்தவன் ஒருவன்தான், அவனையும் கேட்க முடியாது. சூழலை இழந்த மாணவன் அந்தக் காலியிடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும். அவன் வைப்பது கேள்வி தயாரித்தவனின் மனசைப் பற்றிய ஊகத்தை. இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று அவன் யோசிப்பதில்லை, இவர்கள் இதற்கு என்ன பொருள் என்று நினைத்திருப்பார்கள் என்று யோசிக்கிறான். கேள்வி தயாரித்தவனைப் போன்ற வீட்டில், அவன் படித்த மாதிரிப் பள்ளியில், வளர்ந்தவனுக்கு அந்த ஊகம் இயல்பாக வரும். கிரிஸ்கோ கேள்வியில் வெளிப்படையாக இருந்த அநீதி இங்கே இலக்கணத்தின் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறது.

கவிதையும் சூழலை வெட்டுகிறதே என்று கேட்கலாம். வெட்டுகிறது. ஆனால் வெட்டிய இடத்தில் தன் பிற வரிகளைச் சூழலாக வைக்கிறது. ஒரு வரி மயங்கினால் அடுத்த வரி அந்த மயக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது, அல்லது இன்னும் ஆழமாக்குகிறது. பரீட்சை வாக்கியத்துக்கு அடுத்த வரி கிடையாது. அடுத்து வருவது வேறொரு கேள்வி.

5

1959 மார்ச்சில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு தந்தையின் கடிதம் வெளியாயிற்று. பள்ளிப் பிரவேசப் பரீட்சையில் அவர் மகனுக்கு வந்த கேள்வி: கிரிக்கெட், கால்பந்து, பில்லியர்ட்ஸ், ஹாக்கி இவற்றில் சேராதது எது? தந்தை பில்லியர்ட்ஸ் என்றார், ஏனென்றால் அது மட்டும்தான் கூரைக்கு அடியில் ஆடுவது. சக ஊழியர் கால்பந்து என்றார், ஏனென்றால் அதில் மட்டும்தான் பந்தை அடிக்கக் கருவி கிடையாது. அண்டைவீட்டுக்காரர் கிரிக்கெட் என்றார், ஏனென்றால் மற்ற ஆட்டங்களில் பந்து வலைக்குள் போக வேண்டும். ஒன்பது வயது மகன் ஹாக்கி என்றான், ஏனென்றால் அது பெண்பிள்ளைகள் ஆட்டம். நான்கு பேருக்கும் நான்கு விடை. நான்கும் அறிவுள்ள விடைகள். மகனுடையது மட்டும் அவன் உலகத்தின் சிறுமையையும் சேர்த்துச் சொல்கிறது. எது சரி என்று பத்திரிகைக்கு மேலும் கடிதங்கள் வந்தன.

இந்தக் கடிதத்தைத்தான் பானேஷ் ஹாஃப்மன் பிடித்துக்கொண்டார். பௌதிகக்காரர். ஐன்ஸ்டைனுடன் சேர்ந்து 1938-ல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். நியூயார்க்கின் க்வீன்ஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 1962-ல் வந்த அவருடைய 'டிரனி ஆஃப் டெஸ்டிங்' அமெரிக்கப் பரீட்சை ஸ்தாபனங்களின் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மயக்கங்களைக் காட்டியது. மேலோட்டமாகப் படிப்பவன் சரியான விடையைத் தொட்டுவிடுகிறான்; ஆழமாகப் படிப்பவன் இரண்டாவது அர்த்தத்தைக் கண்டு தயங்கி நேரத்தையும் மதிப்பெண்ணையும் இழக்கிறான் என்பது அவர் குற்றச்சாட்டு. ஸ்தாபனங்கள் புள்ளிவிவரத்தால் பதில் சொன்னன: நல்ல மாணவர்களில் பெரும்பான்மையோர் நாங்கள் எதிர்பார்க்கும் விடையையே தேர்கிறார்கள், ஆகவே கேள்வி நல்ல கேள்வி. ஹாஃப்மனுக்கு இது பதிலே அல்ல. பெரும்பான்மை எதைத் தேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். ஏன் தேர்ந்தது, தேராத ஒருவன் என்ன நினைத்தான் என்பதை அறியும் வழி அந்தக் காகிதத்தில் இல்லை என்பதுதான் அவர் பேச்சு.

அரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை மாறியதாகத் தெரியவில்லை. 2012-ல் நியூயார்க் மாநிலத்தின் எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையில் ஒரு கதை வந்தது. அன்னாசிப் பழம் ஒன்று முயலைப் பந்தயத்துக்கு அழைக்கிறது. காலில்லாத அன்னாசி ஏதோ தந்திரம் வைத்திருக்கிறது என்று மிருகங்கள் நம்புகின்றன. அன்னாசி அசையவே இல்லை. கடைசியில் அதைத் தின்றுவிடுகின்றன. மிருகங்கள் ஏன் தின்றன, எந்த மிருகம் மிகவும் புத்திசாலி என்று கேள்விகள். மூலக்கதையை எழுதிய டேனியல் பிங்க்வாட்டர் அபத்தக் கதைகள் எழுதுபவர். அவர் கதையில் இருந்தது கத்தரிக்காய். அர்த்தமின்மையே அர்த்தமாக இருந்த கதைக்கு ஒற்றை விடை கேட்டதில் குழந்தைகள் குழம்பினார்கள், பெற்றோர் கொதித்தார்கள், மாநிலம் அந்தக் கேள்விகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

2017-ல் நடந்தது இன்னும் பொருத்தமானது. சாரா ஹோல்புரூக் என்ற அமெரிக்கக் கவி, டெக்ஸாஸ் மாநிலப் பரீட்சைகளில் தன் கவிதைகள் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்குத் தன்னாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று எழுதினார். கவிதையை ஏன் இரண்டு பத்தியாகப் பிரித்திருக்கிறார் என்று ஒரு கேள்வி. மேடையில் வாசிக்கும்போது அங்கே நிறுத்துவேன், அதனால்தான் என்பது அவர் காரணம். விடைகளில் அது இல்லை. ஆசிரியரின் நோக்கமே அர்த்தம் என்று நாம் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. எழுதியவருக்குத் தெரியாத காரணமும் ஒரு கவிதையில் இருக்கலாம். ஆனால் அதை வாசகன் சொல்லிக் காட்ட வேண்டும். நான்கில் ஒன்றாக அச்சிட்டு வைத்தால் அது காரணம் ஆகாது, உத்தரவு ஆகும்.

6

பொருள் மயக்கத்தை விரட்டுவதற்கென்று தொடங்கிய பரீட்சையின் சரித்திரத்தில், மயக்கமே பரீட்சையான ஒரு கட்டமும் வந்தது. இந்தத் தடவை எழுதியது எந்திரம். டெர்ரி வினோக்ராட் 1972-ல் ஓர் உதாரணம் கொடுத்திருந்தார். நகரசபை உறுப்பினர்கள் ஊர்வலக்காரர்களுக்கு அனுமதி மறுக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள். அஞ்சியவர்கள் யார்? உறுப்பினர்கள் என்போம். வினையை மட்டும் மாற்றி, அவர்கள் வன்முறையை ஆதரித்தார்கள் என்று வைத்தால் 'அவர்கள்' என்பது ஊர்வலக்காரர்களைச் சுட்டுவதாகப் படிப்போம். இத்தகைய வாக்கியங்களைக் கொண்டு எந்திரத்தின் புத்தியைச் சோதிக்கலாம் என்று ஹெக்டர் லெவெக்கும் சகாக்களும் 2012-ல் ஒரு சவாலை வகுத்தார்கள். 2016-ல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் மிகச் சிறந்த நிரலுக்குக் கிடைத்தது 58 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே ஏறக்குறைய பாதி வரும். 2019-க்குள் எந்திரங்கள் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

இங்கே எந்திரத்தை வியப்பதைவிட வாக்கியத்தைப் பார்ப்பது நல்லது. அதற்கு விடையை இலக்கணம் தருவதில்லை. நகரசபை அஞ்சும், ஊர்வலம் வன்முறையை ஆதரிக்கும் என்ற பொது அபிப்ராயம்தான் தருகிறது. ஊர்வலம் போய் அடிபட்டவனிடம் இதே வாக்கியத்தைக் கொடுத்தால் அவன் 'அவர்கள்' என்பதை மாற்றிப் படிக்கக்கூடும். நகரசபைதான் வன்முறையை ஆதரித்தது, அதனால்தான் அமைதியாகக் கூட விடவில்லை என்று அவன் காரணமும் சொல்வான். விடைக்குறிப்பில் அவன் தவறு. கோடிக்கணக்கான வாக்கியங்களில் படிந்துகிடக்கும் பொது அபிப்ராயத்தை எந்திரம் கற்றுக்கொண்டது. ஆகவே அது சரி.

நூறு வருஷத்துச் சரித்திரம் நம் சின்ன வட்டத்துக்குச் சொல்வது என்ன? பரீட்சைக்காரர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக நமக்கு அருகதை இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். ஒரு கவிதைக்கு இதுதான் பொருள் என்று அறிவித்துவிட்டு, ஏற்காதவனைப் பிரக்ஞை போதாதவன் என்று தள்ளும் விமர்சனம் நம் பத்திரிகைகளில் அச்சாகாமல் இல்லை. அதில் கோட்பாட்டின் பெயர் இருக்கும், மேல்நாட்டு ஆசிரியரின் பெயர் இருக்கும், கவிதையின் வரி மட்டும் இருக்காது. மறுபக்கம், கவிதை என்றால் எந்தப் பொருளும் கொள்ளலாம் என்று கைவிரித்துவிடும் உதாரகுணமும் இருக்கிறது. இது முதலாவதைவிட ஜனநாயகமாகத் தெரிகிறது. ஆனால் எல்லா விடைக்கும் முழு மதிப்பெண் போடும் ஆசிரியரும் தாளைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கெல்லியின் கோபம் நியாயமானது. காரணம் சொல்லாத தீர்ப்பு யாரிடமிருந்து வந்தாலும் யதேச்சைதான். அவருடைய ஏற்பாடு காரணத்தைக் கேட்பதற்குப் பதிலாகக் காரணத்தையே தடைசெய்தது. அந்தத் தடையைப் பள்ளிக்கூடங்கள் நீக்க முடியாமல் இருப்பதற்குப் பல நிர்ப்பந்தங்கள் உண்டு. லட்சக்கணக்கான தாள்கள், குறைந்த நேரம், பணம். ஒரு சிறுபத்திரிகைக்கு இந்த நிர்ப்பந்தங்கள் எதுவும் இல்லை. சில நூறு பேர் படிக்கிறார்கள், அவசரம் கிடையாது, மதிப்பெண் போட யாரும் கேட்கவில்லை. 'புலிகொல் யானை' என்று ஒருவன் எழுதினால், யானை ஓடுகிறதா கிடக்கிறதா என்று அடுத்த வரியைப் பார்த்துச் சொல்லவும், நான் பார்த்தது எந்த வரி என்று காட்டவும் நமக்கு இடமிருக்கிறது. இந்த இடத்தை நாம் எப்படி உபயோகிக்கிறோம் என்பதை வைத்துத்தான் பரீட்சைக்காரர்களைப் பற்றிய நம் புகார்களுக்கு மதிப்பு ஏற்படும்.